டிராகன் முட்டையின் விலை: போன் கேம்கள் அதிஷ்டத்தை விற்கத் தொடங்கிய கதை

2013 மே மாத நடுப்பகுதியில் ஜப்பான் பங்குச்சந்தையில் ஒரு விசித்திரம் நடந்தது. கங்ஹோ என்று ஒரு கம்பனி. ஜப்பானுக்கு வெளியே அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அதன் சந்தைப் பெறுமதி ஏறத்தாழ ஒன்றரை ட்ரில்லியன் யென்னைத் தொட்டு, கொஞ்ச நேரத்துக்கு நின்டெண்டோவையே தாண்டிப் போனது. மரியோவையும் செல்டாவையும் உலகத்துக்குத் தந்த அதே நின்டெண்டோதான். கங்ஹோவிடம் அப்போது சந்தை நம்பியிருந்தது ஒரேயொரு போன் கேமை. பெயர், பசில் அன்ட் டிராகன்ஸ். அதைத் தரவிறக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

இலவசமாகக் கொடுக்கும் ஒரு பொருளால் 2013 ஆம் ஆண்டில் கங்ஹோவின் மொத்த வருமானம் 163 பில்லியன் யென் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு அது சுமார் 26 பில்லியன் மட்டுமே. ஒரே வருஷத்தில் ஆறு மடங்கு.

மாயாஜால உலகத்தைப் பின்னணியாகக் கொண்ட போன் கேம்களின் சந்தை பற்றி வாசிக்கத் தொடங்கினால், கிடைப்பதெல்லாம் இந்த மாதிரி ஏறுகிற கோடுகள்தான். எந்த கேம் எத்தனை டொலர், எந்த நாடு முதலிடம் என்று. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். விற்பனைக்கு வைத்த பொருளே இடையில் மாறிவிட்டது. முதலில் கதையை விற்றார்கள். பிறகு அந்தக் கதைக்குள் வரும் பாத்திரங்கள் கிடைப்பதற்கான வாய்ப்பை விற்றார்கள். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பெரும்பாலும் ஜப்பானில், பெரும்பாலும் 2010க்கும் 2017க்கும் இடையில்.

ஜப்பானில் கடை வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் சின்னப் பெட்டிகள் நிற்கும். நாணயத்தைப் போட்டுக் கைபிடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும். அதற்குள் ஒரு பொம்மை. எந்தப் பொம்மை என்று உருண்டையைத் திறக்கும் வரை தெரியாது. கைபிடி திருகும் சத்தம் 'காச்சா', உருண்டை விழும் சத்தம் 'பொன்'. அதனால் அதற்குக் காச்சாபொன் என்று பெயர். அமெரிக்காவிலிருந்து 1960களில் வந்த இயந்திரம் அது. 1977 இல் பண்டாய் கம்பனி இறங்கிய பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2004 இல் மேப்பிள்ஸ்டோரி என்ற கொரிய ஒன்லைன் கேமின் ஜப்பானியப் பதிப்பு இந்த யோசனையைக் கணினித் திரைக்குள் கொண்டுவந்தது. காசு கொடுத்து ஒரு சீட்டு வாங்கலாம், என்ன பொருள் வரும் என்று தெரியாது. ஒன்லைன் காச்சாவின் தொடக்கம் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள்.

போனுக்கு அது வந்து சேர இன்னொரு விஷயம் தேவைப்பட்டது: காசு கட்டும் வழி. உலகத்தின் மற்றப் பக்கங்களில் போனால் பொருள் வாங்குவது என்பதே புதினமாக இருந்த காலத்தில், ஜப்பானில் 1999 இலேயே டொகோமோவின் ஐ-மோட் சேவை வந்துவிட்டது. போனில் வாங்குவதன் விலை மாத முடிவில் போன் பில்லோடு சேர்ந்து வரும். கடனட்டை வேண்டாம், கையில் காசு வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளை அழுத்தினால், பில் அப்பாவிடம் போகும். இந்தப் பழக்கத்துக்கு மேலேதான் கிரீ, டி.என்.ஏ. என்ற இரண்டு கம்பனிகள் தங்கள் விளையாட்டுத் தளங்களைக் கட்டின. 2010 இல் கொனாமி கிரீ தளத்தில் டிராகன் கலெக்‌ஷன் என்ற அட்டை சேர்க்கும் கேமை விட்டது. பெரிய வெற்றி. அடுத்த ஆண்டு சைகேம்ஸின் ரேஜ் ஒஃப் பஹமுட் வந்தது. அது 2012 இல் அமெரிக்கா வரைக்கும் போய் அங்கேயும் வருமானப் பட்டியலில் உச்சிக்கு ஏறியது. இரண்டிலும் படம் வரைந்த அட்டைகள்தான் கேம். விளையாட்டு என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை, பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

இந்தக் காலத்தில்தான் கொம்ப்பு காச்சா என்ற ஒன்று பெருகியது. குறிப்பிட்ட ஆறு அட்டைகளைக் காச்சாவில் எடுத்து முழுத் தொகுதியாக்கினால், வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஓர் அபூர்வ அட்டை பரிசு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கோ. ஆறு அட்டைகளுக்கும் சமமான வாய்ப்பு என்றே வைப்போம். முதல் அட்டை ஒரே தடவையில் வரும், ஏனென்றால் எது வந்தாலும் புதியதுதான். ஐந்தைச் சேர்த்த பிறகு கடைசி ஒன்றுக்காக மட்டும் சராசரியாக இன்னும் ஆறு தடவை எடுக்கவேணும். ஆறும் சேர சராசரியாகப் பதினைந்து தடவை கிட்ட வரும். உண்மையான கேம்களில் வாய்ப்புகள் சமமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "இன்னும் ஒன்றுதானே" என்று நினைக்கும் இடத்தில்தான் செலவு அதிகம் என்பது இந்த அமைப்பின் சூட்சுமம்.

2012 மே 5 ஆம் திகதி, இதைச் சட்டவிரோதமென அறிவிக்க நுகர்வோர் விவகார முகவரகம் தயாராகிறது என்று யோமியுரி பத்திரிகை எழுதியது. ஜப்பானில் மே 5 சிறுவர் தினம். வேண்டுமென்றே தேர்ந்த நாளா தெரியவில்லை, ஆனால் பொருத்தமான நாள். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை சந்தை திறந்தபோது கிரீ, டி.என்.ஏ. இரண்டின் பங்குகளும் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தன. அந்த வாரத்துக்குள்ளேயே பெரிய தளங்கள் எல்லாம் கொம்ப்பு காச்சாவைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், புதுச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை என்பது. 1962 ஆம் ஆண்டு நுகர்வோர் பரிசுச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழ், இனிப்புப் பைக்குள் அட்டைகளை வைத்து, முழுத் தொகுதி சேர்த்தால் பரிசு என்று சின்னப்பிள்ளைகளை ஆசை காட்டும் விற்பனை முறை ஏற்கனவே தடை செய்யப்பட்டிருந்தது. 'அட்டை பொருத்துதல்' என்று அதற்குப் பெயர். முகவரகம் செய்ததெல்லாம், இதுவும் அதுதான் என்று சொன்னது மட்டுமே. இனிப்புப் பை போனாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் தடை செய்யப்பட்டது 'கொம்ப்பு'. காச்சா இல்லை. ஒற்றைத் தடவை திருகி, வருவதை எடுத்துக்கொள்ளும் முறை அப்படியே விடப்பட்டது. அந்த வெளிக்குள் சரியான நேரத்தில் வந்து நின்றதுதான் பசில் அன்ட் டிராகன்ஸ். வெளியான நாள் 2012 பெப்ரவரி 20. கிரீயிலோ டி.என்.ஏ.யிலோ இல்லை, நேரே ஐபோனில்.

அந்த கேம் நல்ல கேம் என்பதையும் சொல்லத்தான் வேணும். காச்சாவைத் திட்டி எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நிறக் குண்டுகள் நிறைந்த ஒரு பலகை. ஒரு குண்டை விரலால் பிடித்து, விடாமல் பலகை முழுக்க இழுக்கலாம். போகும் வழியில் மற்றவை இடம் மாறும். சில விநாடிகளுக்குள் எத்தனை சேர்க்கை அமைக்கிறீர்களோ, உங்கள் மிருகங்கள் அவ்வளவு பலமாக அடிக்கும். மூளைக்கும் கைக்கும் வேலை இருந்தது. பட்டனை அழுத்தும் அட்டை கேம்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது வேறு மாதிரி இருந்திருக்கும்.

மிருகங்கள் எங்கிருந்து வரும்? முட்டையிலிருந்து. டிராகன் வடிவத்தில் ஒரு இயந்திரம் நிற்கும், கையை இழுத்துவிட்டால் முட்டை விழும். ஐந்து மந்திரக் கற்களுக்கு ஒரு முட்டை. கற்கள் விளையாடினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும், காசுக்கும் கிடைக்கும். அமெரிக்கப் பதிப்பில் ஒரு கல் 99 சதம். அதே கல்லைத்தான் தோற்ற இடத்திலிருந்து தொடரவும், தீர்ந்த சக்தியை நிரப்பவும், மிருகங்களை வைக்கும் பெட்டியைப் பெரிதாக்கவும் கொடுக்கவேணும். எல்லாத் தேவைக்கும் ஒரே நாணயம் என்றால், எதற்கு எவ்வளவு செலவழித்தோம் என்ற கணக்கு மனதில் நிற்காது. ஐந்து கல் என்பது ஐந்து டொலர் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கேதான் டிராகன்கள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்வி வருகிறது. கார் ஓட்டும் கேமிலோ உதைபந்தாட்ட கேமிலோ காச்சா இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு காரின் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கு, ஒரு காலத்தில் உலகில் இருக்கும் நட்சத்திர வீரர்களும் எண்ணக்கூடியவர்கள்தான். டிராகனுக்கு அப்படி ஒன்றுமில்லை. சிவப்பு டிராகனுக்குப் பிறகு நீல டிராகன், அதற்குப் பிறகு விழித்தெழுந்த நீல டிராகன். எது எவ்வளவு பலம் என்று வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க முடியாது. அபூர்வம் என்று கம்பனி சொன்னால் அது அபூர்வம். அதோடு 1986 இன் டிராகன் குவெஸ்ட், 1987 இன் ஃபைனல் ஃபன்டசி என்று வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, மிருகம் வளரும், உருமாறும், சில மட்டும் அபூர்வமாகத்தான் தென்படும் என்ற இலக்கணம் ஏற்கனவே பாடம். அந்தக் கேம்களில் ஒருதரம் பெட்டியை வாங்கினால் எல்லா மிருகமும் உள்ளே இருக்கும். தேடுவதற்கு நேரம்தான் விலை.

இன்னொன்று, தெய்வங்களுக்கு உரிமைத் தொகை கட்டத் தேவையில்லை. பசில் அன்ட் டிராகன்ஸின் முட்டைக்குள் கிரேக்கத் தெய்வங்கள், வடதேசத் தெய்வங்கள், எகிப்தியத் தெய்வங்கள் எல்லாம் இருந்தன. எங்கட ஆக்களும் இருந்தார்கள். சிவன் நெருப்பு வகை அட்டை, லட்சுமி நீர், பார்வதி மரம். முதல்தரம் அந்தப் படங்களைப் பார்த்தபோது கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சிவபெருமான் விழுவதற்கு எத்தனை வீத வாய்ப்பு என்றுதான் தேடிப் பார்த்தேன். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் மண்டையே உதாரணம்.

காசு கட்டாதவர்களுக்கு இதில் என்ன இடம் என்பதையும் அந்த கேமில்தான் தெளிவாகப் பார்க்கலாம். ஒவ்வொரு குகைக்குள் போகும்போதும், வேறொரு விளையாட்டாளரின் தலைமை மிருகம் ஒன்றை உதவிக்குக் கூட்டிப்போகலாம். அந்தப் பட்டியலில் யாரோ ஒருவரின் அபூர்வத் தெய்வம் நிற்கும். கூட்டிப்போனால் உங்கள் சண்டை இலகுவாக முடியும். அதாவது காசு கொடுத்தவரின் பொருள், காசு கொடுக்காதவரின் கைக்குள் ஒரு சண்டைக்கு மட்டும் வந்துபோகும். இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: பார்க்கவும் கேட்டு வாங்கவும் ஆயிரம் பேர் இல்லாவிட்டால் அபூர்வ மிருகத்தை வைத்திருப்பதில் என்ன பெருமை? இலவசமாக விளையாடுகிறவர்கள் கம்பனிக்கு நட்டம் என்று நான் நினைத்திருந்தேன். காசு கட்டுகிற சிலருக்குக் கம்பனி வழங்கும் கூட்டமே அவர்கள்தான்.

இதே ஆண்டு, 2012 ஓகஸ்டில், பின்லாந்தின் சுப்பர்செல் கம்பனி கிளாஷ் ஒஃப் கிளான்ஸை வெளியிட்டது. அதிலும் டிராகன் உண்டு, மந்திரவாதி உண்டு. ஆனால் அது விற்றது அதிஷ்டத்தை அல்ல, நேரத்தை. கட்டடம் எழும்ப ஐந்து நாள் காத்திரு, அல்லது இரத்தினக்கல் கொடுத்து இப்போதே முடி. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். 2013 ஒக்டோபரில் சொஃப்ட்பேங்கும் கங்ஹோவும் சேர்ந்து சுப்பர்செல்லின் 51 வீதத்தை 1.5 பில்லியன் டொலருக்கு வாங்கின. முட்டைக் காசு கிராமத்தை வாங்கியது என்று சொல்லலாம்.

காச்சாவின் உள்ளே என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியவந்தது 2016 புத்தாண்டில். கிரான்புளூ ஃபன்டசி, சைகேம்ஸ் 2014 இல் வெளியிட்ட கேம். 2016 ஜப்பானில் குரங்கு வருஷம் என்பதால், அன்சிரா என்ற பாத்திரத்தைக் குறுகிய காலத்துக்கு மட்டும் விட்டார்கள். ஒருவர் அதை எடுக்கும் வரை நிறுத்துவதில்லை என்று நேரலையில் உட்கார்ந்தார். 2,276 தடவைகள். ஒரு தடவை 300 யென் என்றால் ஏறத்தாழ ஏழு லட்சம் யென். கடைசியில் அன்சிரா வந்தது.

இதைச் சூதாட்டக்காரரின் கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாய்ப்புக் கணக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு வீத வாய்ப்புள்ள ஒன்றை நூறு தடவை எடுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று எங்களில் பலர் நம்புகிறோம். நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை எடுத்தால், அவர்களில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் எழும்புவார்கள். அன்சிராவின் வாய்ப்பு ஒரு வீதத்தைவிட எவ்வளவோ குறைவு. விளையாட்டாளர்களின் கோபம் பெருத்ததும், அந்த மார்ச் மாதத்தில் சைகேம்ஸ் ஒரு மாற்றம் செய்தது: 300 தடவை எடுத்தும் கிடைக்காவிட்டால், வேண்டியதை நீங்களே தெரிவு செய்யலாம். இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'தென்ஜோ', கூரை என்று பொருள். பச்சிஸ்லொட் என்ற சூதாட்ட இயந்திரங்களைச் சுற்றிப் புழங்கிய சொல் அது. சூதாட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு தொழில், சூதாட்டத்தின் சொல்லையே கடன் வாங்கித் தன்னைத் திருத்திக்கொண்டது.

300 தடவை என்றால் 90,000 யென். ஒரு படத்துக்கான உச்சவிலை முதன்முதலாக வெளிப்படையாக எழுதப்பட்டது. அது பாதுகாப்பா, விலைச்சீட்டா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். முதலில் எல்லை இல்லாமல் இருந்தது, இப்போது எல்லை இருக்கு, அது நல்லது. ஆனால் எல்லை தெரிந்த பிறகு, 200 தடவை எடுத்தவரால் நிறுத்த முடியாது. இன்னும் நூறுதானே.

நின்டெண்டோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 2016 டிசெம்பரில் சுப்பர் மரியோ ரன் என்ற போன் கேமைப் பழைய முறையில் விற்றது: கொஞ்சம் இலவசம், பிறகு ஒரே தடவை 9.99 டொலர், முழுக் கேமும் உங்களுக்கு. கோடிக்கணக்கானோர் தரவிறக்கினார்கள், காசு கட்டியவர்கள் போதவில்லை, எதிர்பார்த்த இலாபம் வரவில்லை என்று கம்பனியே சொன்னது. இரண்டே மாதத்தில், 2017 பெப்ரவரியில், ஃபயர் எம்பளம் ஹீரோஸ் வந்தது. வாளும் மந்திரமும் பறக்கும் குதிரையும் உள்ள உலகம், நூற்றுக்கணக்கான வீரர்கள், காச்சா. நின்டெண்டோவின் போன் கேம்களில் அதிகம் உழைத்தது அதுதான். உலகமே அறிந்த மரியோவால் முடியாததை, அவரைவிட எவ்வளவோ குறைவாக அறியப்பட்ட ஒரு தொடர் செய்தது. மரியோ ஒரு ஆள்தானே. முட்டைக்குள் வைக்க நூறு ஆள் வேணும்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லலாம். 2017 மே மாதத்திலிருந்து சீனா வாய்ப்பு வீதங்களை வெளியிடச் சொன்னது. அந்த வருஷக் கடைசியில் அப்பிளும் தன் கடையில் அதைக் கட்டாயமாக்கியது. 2018 இல் பெல்ஜியம் காசுக்கு விற்கும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2020 செப்டெம்பர் 28 இல் சீனாவின் மிஹோயோ கம்பனி கென்ஷின் இம்பாக்டை வெளியிட்டது; செய்து முடிக்க ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவு. போன்களில் மட்டும் ஆறு மாதத்துக்குள் ஒரு பில்லியன் டொலர் உழைத்ததாக சென்சர் டவர் மதிப்பிட்டது. ஜப்பானியர் கண்டுபிடித்த கூரை அதில் முதல் நாளிலேயே இருந்தது: அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம், 90 ஆவது தடவை ஓர் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் நிச்சயம். ஆனால் அது நீங்கள் கேட்ட பாத்திரமாக இருக்கவேண்டும் என்றில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு அந்தக் கேமின் வெளியீட்டாளர் 20 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்துகொண்டார். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி விற்கக்கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

ஹொஸ்டலில் என்னோடு அறையில் இருப்பவன் கென்ஷின் விளையாடுகிறான். ஒரு ரூபாய் கட்டியதில்லை, கட்டவும் அவனிடம் இல்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறான், இப்போது 74 இல் நிற்கிறான். இந்தக் கட்டுரைக்காக வாசித்ததில், டிரகாலியா லொஸ்ட் என்ற கேமைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். நின்டெண்டோவும் சைகேம்ஸும் சேர்ந்து 2018 இல் வெளியிட்டது. டிராகன்கள், காச்சா, நல்ல பாட்டுகள். 2022 நவம்பர் 30 இல் சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து எடுத்தது, மாதக்கணக்காகக் காத்திருந்து எடுத்தது எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது. நின்டெண்டோவின் 1980களின் கசற் ஒன்று இன்றைக்கும் ஓடும்.

"இதை மூடமாட்டாங்கள்," என்றான். பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அன்றைய நாலு வேலைகளையும் முடிக்கத் தொடங்கினான். அதற்கு 60 கல் கிடைக்கும். ஒரு தடவை எடுக்க 160 வேணும்.